ஸ்பேம் அனுப்பும் வாடிக்கையாளரை ஹோஸ்டிங் நிறுவனம் என்ன செய்ய வேண்டும்? ஓர் எளிய விளக்கம்

"மாதாமாதம் காசு கட்டுகிறேன். என் கணக்கிலிருந்து யாருக்கு என்ன மெயில் போனால் உங்களுக்கென்ன?" ஹோஸ்டிங் நிறுவனங்களில் உதவிப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. இதற்கு நேர் எதிராக இன்னொரு கட்சியும் உண்டு. "ஸ்பேம் அனுப்பினானா? அப்போதே கணக்கை மூடிவிட வேண்டியதுதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?"

இரண்டு பேருமே ஒரு மெயில் சர்வரை விட்டுக் கிளம்பும்போது என்ன நடக்கிறது என்பதைப் பார்க்காமல் பேசுகிறார்கள். அது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மெயிலை உடனே நிறுத்த வேண்டும், ஆளை உடனே விரட்டக் கூடாது என்பதுதான் என் கருத்து. நிறுத்துவது ஒரு வேலை, விரட்டுவது வேறு வேலை. இரண்டுக்கும் நடுவில் ஒரு விசாரணை இருக்கிறது. அந்த விசாரணையைச் செய்யாத நிறுவனங்களால்தான் அப்பாவிகளும் அடிபடுகிறார்கள், தொழில்முறை ஸ்பேமர்களும் தப்பிக்கிறார்கள்.

ஹோஸ்டிங் என்றால், நம்முடைய வலைத்தளத்தையும் மெயிலையும் வைத்துக்கொள்ள சர்வரில் இடம் வாடகைக்கு விடும் தொழில். சர்வர் என்பது இருபத்துநாலு மணி நேரமும் இணையத்தோடு இணைந்திருக்கும் கணினி. இந்த இரண்டு மட்டும் தெரிந்தால் போதும், மீதியைப் போகப் போகப் பார்க்கலாம்.

எது ஸ்பேம்?

ஸ்பேம் என்றதும் பலருக்கும் லாட்டரிப் பரிசும் போலி மருந்தும்தான் ஞாபகத்துக்கு வரும். அதனால்தான் "நான் விற்பது சுத்தமான காஞ்சிபுரம் பட்டு, அது எப்படி ஸ்பேம் ஆகும்?" என்று ஒரு கடைக்காரர் உண்மையான கோபத்தோடு கேட்கிறார். மெயிலில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்து ஸ்பேமை முடிவு செய்வதில்லை. பெறுபவர் கேட்டிருக்கவில்லை, அதே மெயில் மொத்தமாக ஏராளமானவர்களுக்குப் போகிறது. இந்த இரண்டும் சேர்ந்தால் ஸ்பேம். முன்பின் தெரியாத ஒருவருக்குத் தனியாக எழுதிக் கேட்கும் வியாபாரக் கடிதம் ஸ்பேம் ஆகாது. கேட்டுப் பதிவு செய்துகொண்ட பத்தாயிரம் பேருக்கு வாராவாரம் போகும் செய்திமடலும் ஆகாது. கேட்காத பத்தாயிரம் பேருக்குப் போகும் பட்டுப்புடவை விளம்பரம் கண்டிப்பாக ஸ்பேம்.

வரலாற்றைப் பார்த்தாலும் இதுதான் தெரிகிறது. 1978 மே 3 அன்று டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி துர்க், நிறுவனத்தின் புதிய கணினிகளை நேரில் வந்து பார்க்கச் சொல்லி, இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினார். அதில் மோசடி ஏதும் இல்லை. உண்மையான கணினி, உண்மையான அழைப்பு. ஆனாலும் பெற்றவர்கள் கொதித்தார்கள், நெட்வொர்க்கை நிர்வகித்தவர்களிடமிருந்து கண்டனம் வந்தது. முதல் ஸ்பேம் மெயில் என்று இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள்.

1994 ஏப்ரலில் நடந்தது நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞர் தம்பதி, கிரீன் கார்டு லாட்டரிக்கு விண்ணப்பம் போட்டுத் தருவதாக ஆயிரக்கணக்கான யூஸ்நெட் விவாதக் குழுக்களில் ஒரே விளம்பரத்தைப் போட்டார்கள். கோபம் அவர்கள்மேல் மட்டும் போகவில்லை. அவர்களுக்கு இணைப்பு கொடுத்திருந்த நிறுவனத்துக்குப் புகார் மெயில்கள் வந்து குவிந்து, அதன் சர்வர்கள் திரும்பத் திரும்ப விழுந்தன. அந்த நிறுவனத்தின் மற்ற வாடிக்கையாளர்களும் சேர்ந்து தவித்தார்கள். கடைசியில் நிறுவனம் அவர்களுடைய கணக்கைத் துண்டித்தது. அனுப்பியது ஒருவர், அடிபட்டது அவரோடு ஒரே சர்வரில் இருந்தவர்கள். இன்றைக்கும் கதை மாறவில்லை.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டுச் சட்டம், முன்கூட்டி சம்மதம் வாங்காமல் விளம்பர மெயில் அனுப்புவதைத் தடை செய்யவில்லை. வேண்டாம் என்று சொன்னவரை 10 வேலை நாட்களுக்குள் நீக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பாவிலும், 2014 முதல் கனடாவிலும் பொதுவாக முன்சம்மதம் வேண்டும். "நான் சட்டப்படிதான் அனுப்புகிறேன்" என்று வாடிக்கையாளர் வாதாடும்போது ஹோஸ்டிங் நிறுவனம் அந்த வாதத்துக்குள் இறங்கவே தேவையில்லை. கணக்குத் திறக்கும்போது அவர் டிக் செய்த பயன்பாட்டு விதிகளில் "கேட்காதவர்களுக்கு மொத்த மெயில் கூடாது" என்று எழுதியிருந்தால் போதும். அப்படித் தெளிவாக எழுதி வைக்காத நிறுவனத்துக்கு முதல் வேலையே அதை எழுதுவதுதான்.

ஒரே கதவு எண், பல குடித்தனம்

திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்பது அறை, எண்பது பேர், வெளியுலகத்துக்குக் கதவு எண் ஒன்றுதான். ஓர் அறைக்காரர் பார்சல் வந்த பிறகு பணம் கொடுக்கும் முறையில் ஆர்டர் போட்டுவிட்டு, ஆள் வந்ததும் வாங்காமல் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறார். கொஞ்ச நாளில் கூரியர்காரர் "அந்த அட்ரஸா? அங்கே இனிமேல் வர மாட்டோம்" என்று சொல்லிவிடுவார். மூன்றாவது மாடியில் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கிற பையன் ஆர்டர் செய்த புத்தகமும் வராது. கூரியர்காரரைக் குற்றம் சொல்ல முடியாது, அவருக்குத் தெரிந்தது கதவு எண் மட்டும்தான். இதைச் சரி செய்யக்கூடிய ஒரே ஆள் மேன்ஷன் மேனேஜர். எந்த அறையில் யார் இருக்கிறார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இணையத்தில் அந்தக் கதவு எண்ணின் பெயர் ஐபி முகவரி. நான்கு எண்களைப் புள்ளி வைத்துப் பிரித்து எழுதுவார்கள். குறைந்த கட்டண ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கும். அவை எல்லாவற்றின் மெயிலும் பெரும்பாலும் ஒரே ஐபி முகவரியிலிருந்துதான் வெளியே போகும். அந்த முகவரியைப் பற்றி வெளியில் இருக்கும் மெயில் நிறுவனங்கள் வைத்திருக்கும் அபிப்பிராயத்துக்கு ரெப்யூட்டேஷன் என்று பெயர். அதைக் கெடுக்க சில மணி நேரம் போதும். திரும்பச் சம்பாதிக்க வாரக்கணக்கில் ஆகலாம்.

கெட்ட முகவரியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கிக்கொண்டால் என்ன? இந்த வகை முகவரிகள் உலகத்துக்கே மொத்தம் சுமார் 430 கோடிதான். அவற்றின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்றே தீர்ந்துவிட்டது. இப்போது ஒருவரிடமிருந்து ஒருவர் விலைக்கு வாங்குகிறார்கள். ஸ்பேமால் கறைபட்ட முகவரி என்பது நிறுவனத்துக்குக் கைக்காசு நஷ்டம்.

கதவைத் தட்டும்போது என்ன நடக்கிறது

மெயில் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முறைக்கு எஸ்எம்டிபி என்று பெயர். 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய வரையறையின் அடிப்படை இன்றும் மாறவில்லை. அது ஓர் உரையாடல். அனுப்பும் சர்வர் பெறும் சர்வரின் 25ஆம் எண் போர்ட்டைத் தட்டும். போர்ட் என்பது ஒரே கணினியில் வெவ்வேறு வேலைகளுக்காக ஒதுக்கிய எண்ணிட்ட வாசல். பெறும் சர்வர் 220 என்று பதில் சொன்னால் "தயார், பேசு" என்று அர்த்தம். அனுப்புபவர் தன் பெயரைச் சொல்வார், யாரிடமிருந்து என்று சொல்வார், யாருக்கு என்று சொல்வார். ஒவ்வொன்றுக்கும் 250 வந்தால் "சரி". 4இல் தொடங்கும் எண் வந்தால் "இப்போது முடியாது, அப்புறம் வா". 550 போல 5இல் தொடங்கினால் "முடியவே முடியாது".

இந்த உரையாடலில் "யாரிடமிருந்து" என்பதில் என்ன பெயரை வேண்டுமானாலும் சொல்லலாம், அடிப்படை முறையில் அதைச் சரிபார்க்க வழியே இல்லை. பொய் சொல்ல முடியாத ஒரே விஷயம், தட்டுகிறவர் எந்த ஐபி முகவரியிலிருந்து தட்டுகிறார் என்பது. பதில் போய்ச் சேர வேண்டுமே! ஆகவே பெறுபவர்கள் அந்த முகவரியைப் பிடித்துக்கொண்டார்கள்.

அதிலிருந்து பிறந்தவைதான் பிளாக்லிஸ்ட்கள், அதாவது ஸ்பேம் அனுப்பும் ஐபி முகவரிகளின் பொதுப் பட்டியல்கள். 1997இல் பால் விக்ஸி முன்னின்று நடத்திய மேப்ஸ் பட்டியல் முன்னோடி. 1998இல் ஸ்டீவ் லின்ஃபோர்ட் லண்டனில் தொடங்கிய ஸ்பேம்ஹவுஸ் இன்று பரவலாகப் பயன்படுகிறது. பட்டியலைப் பார்க்கும் விதம் எளிமையானது. 192.0.2.25 என்ற முகவரியிலிருந்து யாரோ தட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம் (உதாரணம் சொல்வதற்கென்றே ஒதுக்கி வைத்த எண்களில் ஒன்று இது). பெறும் சர்வர் அந்த எண்களைத் திருப்பிப் போட்டு 25.2.0.192 என்று ஆக்கி, பின்னால் பட்டியல்காரரின் டொமைன் பெயரை (இணையத்தில் ஒரு தளத்தை அடையாளம் காட்டும் பெயர்) ஒட்டி, இணையத்தின் பெயர்ப் பதிவேட்டில் "இப்படி ஒரு பெயர் இருக்கிறதா?" என்று கேட்கும். இல்லை என்று வந்தால் பிரச்சினையில்லை. 127.0.0.2 போல ஒரு பதில் வந்தால் பட்டியலில் இருக்கிறது என்று பொருள். உடனே 550, கதவடைப்பு. கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். மெயிலுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஹோஸ்டிங் நிறுவனம் புகார்களைக் கண்டுகொள்ளாமல் இருந்தால் பட்டியல் விரியும். முதலில் ஒரு முகவரி, அப்புறம் அதைச் சுற்றியுள்ள 256 முகவரிகள், அதற்கு மேலும் போகலாம்.

இதுவரை பார்த்தது: கேட்காதவர்களுக்கு மொத்தமாகப் போவதுதான் ஸ்பேம். பெறுபவர்களுக்குத் தெரிவது ஐபி முகவரி மட்டுமே, அதைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். அதனால் ஒருவர் செய்வது எல்லோரையும் பாதிக்கும். "உங்களுக்கென்ன?" என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

அனுப்பியது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது

ஸ்பேம் ஒரு கணக்கிலிருந்து போகிறது என்றால், அந்தக் கணக்கின் உரிமையாளர்தான் அனுப்புகிறார் என்று அர்த்தமில்லை. பெரும்பாலானவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. சிறிய தளங்கள் நிறைந்த சர்வர்களில் மிகச் சாதாரணமாக நடப்பது திருட்டு.

கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் அமைத்த ஒரு பள்ளிக்கூடத் தளம். யாரோ நிறுவிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள், ப்ளக்இன்கள் எனப்படும் துணை நிரல்களை யாரும் புதுப்பிக்கவில்லை. அதில் இருந்த ஓட்டை வழியாக எவனோ ஆண்டுவிழாப் படங்கள் இருக்கும் அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள் ஒரு பிஎச்பி கோப்பை, அதாவது சர்வரில் ஓடக்கூடிய ஒரு நிரலை, போட்டு வைக்கிறான். பெயர் அர்த்தமில்லாத எழுத்துக்கூட்டமாக இருக்கும், இல்லாவிட்டால் பார்த்தால் சந்தேகமே வராத மாதிரி ஏதோ ஒரு பெயர். ராத்திரியில் வெளியிலிருந்து அந்தக் கோப்பை அழைத்ததும் அது மெயில் அனுப்பத் தொடங்குகிறது. காலையில் சர்வரின் மெயில் வரிசையைப் பார்த்தால், வழக்கமாகப் பத்திருபது நிற்கும் இடத்தில் ஆயிரக்கணக்கில் நிற்கும். பள்ளியின் தலைமையாசிரியருக்கு இதில் எதுவுமே தெரியாது. சர்வர் தன் வேலைகளைப் பதிந்து வைக்கும் லாக் கோப்பில், ஒவ்வொரு மெயிலும் எந்த ஃபோல்டரிலிருந்து கிளம்பியது என்ற வரி பெரும்பாலும் இருக்கும். பிஎச்பியில் அதற்கான அமைப்பை இயக்கி வைத்திருந்தால், மெயிலின் தலைப்பகுதியிலேயே அனுப்பிய கோப்பின் பெயரும் பதிவாகியிருக்கும். படங்கள் மட்டுமே இருக்க வேண்டிய ஃபோல்டரிலிருந்து மெயில் போயிருந்தால் கதை விளங்கிவிடும்.

இதன் இன்னொரு வடிவம் பாஸ்வேர்டு திருட்டு. ஒரே மெயில் கணக்கில் ஒரு மணி நேரத்துக்குள் ஐந்தாறு நாடுகளிலிருந்து லாகின் நடந்திருந்தால் அதன் உரிமையாளர் பயணத்தில் இருக்கிறார் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

அடுத்தவர் விவரம் தெரியாத வியாபாரி. "ஒரு லட்சம் மெயில் ஐடி, எக்செல் ஷீட்டாக" என்று விற்கிறார்களே, அதை நம்பி வாங்கியவர். அவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அவருடைய லிஸ்ட்டே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். விலைக்கு வாங்கிய லிஸ்ட்டில் செத்துப்போன முகவரிகள் நிறைய இருப்பதால், அனுப்பியதில் பெரிய பங்கு "அப்படி யாரும் இல்லை" என்று திரும்பி வரும். தவிர அந்த லிஸ்ட்களில் பொறி முகவரிகளும் கலந்திருக்கும். யாருக்கும் கொடுக்காமல், எங்கும் பதிவு செய்யாமல், ஸ்பேமரைப் பிடிப்பதற்கென்றே இணையத்தில் விட்டுவைத்த முகவரிகள் அவை. அங்கே ஒரு மெயில் விழுந்தாலே "இந்த ஆள் சம்மதம் வாங்காமல் அனுப்புகிறார்" என்பதற்குச் சாட்சி கிடைத்துவிடும்.

கடைசியாகத் தொழில்முறை ஸ்பேமர். ஒரே நாளில் பல கணக்குகள், ஒன்றுபோலத் தோன்றும் டொமைன் பெயர்கள், சிலசமயம் திருட்டு கார்டில் கட்டிய பணம். ஒவ்வொரு முகவரியிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பி, எதுவும் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வார். கேள்வி கேட்டால் உடனடியாக, மிகவும் பணிவாக, எழுதி வைத்த மாதிரி பதில் வரும்.

முதலாமவருக்கு உதவி வேண்டும், இரண்டாமவருக்கு விளக்கம் வேண்டும், மூன்றாமவருக்கு வெளியேறும் வழியைக் காட்ட வேண்டும். மூவருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பும் நிறுவனம் வேலை செய்யவில்லை என்றுதான் சொல்வேன்.

வாசலிலேயே செய்ய வேண்டியவை

புகார் வருவதற்கு முன்பே செய்ய வேண்டிய சில காரியங்கள் இருக்கின்றன. பெரிய நிறுவனங்கள் இதை எப்போதோ ஆரம்பித்துவிட்டன. அமேசான், கூகுள் இரண்டின் கிளவுட் சேவைகளிலும் புதிதாக எடுக்கும் சர்வரிலிருந்து 25ஆம் போர்ட் வழியே வெளியே மெயில் அனுப்ப முடியாது, பூட்டித்தான் கொடுக்கிறார்கள். ஜெர்மனியின் ஹெட்ஸ்னர் ஹோஸ்டிங் நிறுவனமும் அப்படித்தான், முதல் பில் கட்டிய பிறகு காரணம் சொல்லிக் கேட்டால் திறப்பார்கள். பூட்டை வைத்துவிட்டுக் கேட்டவருக்குச் சாவி கொடுப்பது நல்ல முறை. நேர்மையான வாடிக்கையாளருக்கு ஒரு டிக்கெட், அதாவது உதவிக் கோரிக்கை, போடும் சிரமம் மட்டும்தான். திருட்டு கார்டில் வந்தவர் காத்திருக்கவே மாட்டார்.

பலர் பகிரும் சர்வரில் போர்ட்டை மொத்தமாகப் பூட்ட முடியாது. அங்கே மணிக்கு இத்தனை மெயில் என்று வரம்பு வைக்கலாம். சாதாரணக் கடைக்கோ பள்ளிக்கோ மணிக்குச் சில நூறு தாராளம். வரம்பைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, திரும்பி வரும் மெயிலின் விகிதத்தைக் கவனிப்பது. ஒரு கணக்கிலிருந்து போனதில் பாதி திரும்பி வந்தால் சர்வர் தானாகவே அந்தக் கணக்கின் மெயிலை நிறுத்திவிட்டு ஓர் ஆளை எழுப்ப வேண்டும். ஹோஸ்டிங் சர்வர்களை நிர்வகிக்கப் பரவலாகப் பயன்படும் சிபேனல் மென்பொருளில் இந்த வசதி கூடவே வருகிறது, அதைத் தொட்டே பார்க்காதவர்களும் இருக்கிறார்கள்.

டொமைனுக்கான அத்தாட்சிகளையும் நிறுவனமே அமைத்துக் கொடுத்துவிட வேண்டும். எஸ்பிஎஃப் என்பது, "என் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப இந்த சர்வர்களுக்குத்தான் உரிமை" என்று பொதுவில் எழுதி வைக்கும் குறிப்பு. டிகிம் என்பது ஒவ்வொரு மெயிலிலும் போடும் டிஜிட்டல் கையெழுத்து. டிமார்க் என்பது, இந்த இரண்டு சோதனையிலும் தேறாத மெயிலை என்ன செய்யலாம் என்று டொமைன்காரர் சொல்லி வைக்கும் அறிவிப்பு. 2024 பிப்ரவரி முதல், தங்கள் பயனர்களுக்கு மொத்தமாக அனுப்புபவர்கள் இவை மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் சொல்லிவிட்டன. கூகுள் கணக்கில் மொத்தமாக என்றால் நாளொன்றுக்கு 5,000க்கு மேல். ஸ்பேம் என்று பயனர்கள் புகார் செய்யும் விகிதமும் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. ஆயிரம் பேரில் மூன்று பேர் அந்தப் பொத்தானை அழுத்தினாலே ஆபத்து என்றால், விலைக்கு வாங்கிய லிஸ்ட்டை வைத்துக்கொண்டு யாரும் தேற முடியாது.

புகார் வந்துவிட்டது. இப்போது?

ஒவ்வொரு டொமைனிலும் முறைகேட்டுப் புகார்களுக்காக அப்யூஸ் என்ற பெயரில் ஒரு மெயில் முகவரி இருக்க வேண்டும் என்பது 1997லேயே எழுதிவைத்த வழக்கம். முகவரியை வைத்துவிட்டு யாரும் படிக்காமல் விடும் நிறுவனங்கள் இருக்கின்றன, அதைவிட வைக்காமலே இருக்கலாம். தினமும் படிக்க ஓர் ஆள் வேண்டும். இதோடு ஃபீட்பேக் லூப் என்ற ஏற்பாட்டிலும் சேர வேண்டும். மைக்ரோசாஃப்ட், யாஹூ போன்றவற்றின் பயனர் ஒருவர் "இது ஸ்பேம்" என்று அழுத்தினால், அந்தச் செய்தி அனுப்பியவரின் பக்கத்துக்குத் திரும்பி வரும் வசதி அது. வெளியில் பட்டியலில் விழுவதற்கு முன்பே உள்ளே தெரிந்துவிடும்.

புகார் உண்மை என்று லாக் காட்டினால் முதல் காரியம் அந்தக் கணக்கிலிருந்து வெளியே போகும் மெயிலை நிறுத்துவது. மெயிலை மட்டும். தளம் நடக்கட்டும், உள்ளே வரும் மெயிலும் வரட்டும். பள்ளிக்கூடத் தளத்தில் தேர்வு முடிவு பார்க்கக் காத்திருக்கும் பெற்றோரைத் தண்டிக்க ஒரு காரணமும் இல்லை. வங்கியைப் போல வேடமிட்டுப் பாஸ்வேர்டு பறிக்கும் போலிப் பக்கம் அந்தத் தளத்திலேயே இருந்தால் மட்டும் விதிவிலக்கு. அப்போது அந்தப் பக்கத்தை அந்த நிமிடமே மூட வேண்டும். அது திறந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் யாரோ ஒருவர் பணத்தை இழக்கலாம்.

அடுத்து, வரிசையில் நிற்கும் மெயில்களை அவசரப்பட்டு அழிக்காமல் உறைய வைத்து, ஒன்றிரண்டின் தலைப்பகுதியையும் லாக்கையும் பத்திரப்படுத்த வேண்டும். சாட்சியை அழித்துவிட்டால் அப்புறம் விசாரணை எங்கே? வாடிக்கையாளரின் மெயிலை நிறுவனம் படிக்கலாமா என்ற நியாயமான சங்கடம் இங்கே எழும். படிக்கத் தேவையே இல்லை. எத்தனை போனது, எத்தனை திரும்பியது, எங்கிருந்து கிளம்பியது என்ற மூன்றும் போதும். புகாரோடு வந்த பிரதியில் உள்ளடக்கம் ஏற்கெனவே இருக்கும். ஒருவருடைய மெயில் பெட்டியைத் துழாவிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளும் நிறுவனத்தை நான் நம்ப மாட்டேன்.

பிறகு கடிதம். "விதிமீறல் காரணமாக உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது" என்ற ஒற்றை வரி யாருக்கும் உதவாது. இப்படி எழுதலாம்: "ஐயா, நேற்று இரவு 1.10 முதல் உங்கள் தளத்திலிருந்து 6,000 மெயில்கள் போயிருக்கின்றன. அப்லோட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் ஒரு கோப்பிலிருந்து இவை போயிருக்கின்றன, நீங்கள் வைத்த கோப்பாகத் தெரியவில்லை. உங்கள் தளம் வேலை செய்கிறது, மெயில் அனுப்புவதை மட்டும் நிறுத்தியிருக்கிறோம். ப்ளக்இன்களைப் புதுப்பித்து, எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டு எங்களுக்குச் சொல்லுங்கள், பார்த்துத் திறக்கிறோம்." எது நடந்தது, எது நிற்கிறது, எது ஓடுகிறது, எப்போது திறக்கும். இவ்வளவும் அதில் இருக்கிறது. அந்தக் கோப்பை மட்டும் அழித்துவிட்டுத் திறந்துவிடக் கூடாது. ஓட்டை அப்படியே இருந்தால் அடுத்த வாரம் வேறு பெயரில் அதே கோப்பு வந்து நிற்கும்.

விவரம் தெரியாத வியாபாரியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "இந்த முகவரிகள் உங்களுக்கு எப்படிக் கிடைத்தன?" கடையில் பில் போடும்போது கேட்டு எழுதியவை என்றால் பேச வழி இருக்கிறது. வாங்கியவை என்றால் லிஸ்ட்டை முழுவதுமாக விட்டுவிடச் சொல்ல வேண்டும். "வேண்டாம் என்றவர்களை நீக்கிவிடுகிறேன்" என்பதை ஏற்கக் கூடாது. சம்மதமில்லாத லிஸ்ட்டைச் சுத்தம் செய்தாலும் சம்மதம் வந்துவிடாது. இனிமேல் சேர்ப்பவர்களை உறுதிப்படுத்திச் சேர்க்கக் கற்றுக்கொடுக்கலாம். பெயர் கொடுத்தவருக்கு ஒரு மெயில் போகும், அதில் இருக்கும் இணைப்பை அவரே அழுத்தினால்தான் லிஸ்ட்டில் சேர்வார். ஒரு முறை சொல்லிக்கொடுப்பது நிறுவனத்தின் கடமை. சொன்ன பிறகும் அதே லிஸ்ட் திரும்ப ஓடினால் அவர் இனிமேல் விவரம் தெரியாதவர் இல்லை.

தொழில்முறை ஸ்பேமருக்கு அவகாசம் கொடுக்கக் கூடாது. ஒரே கையிலிருந்து திறந்த எல்லாக் கணக்குகளையும் சேர்த்து மூட வேண்டும். ஒன்றை மூடி ஒன்பதை விட்டால் மூடியதில் பயனில்லை.

இந்த இடத்தில் ஒரு பொல்லாத பழக்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். புகார் செய்தவரின் முகவரியை வாடிக்கையாளரிடம் கொடுத்து, "இவரை நீக்கிவிடுங்கள்" என்று சொல்லி டிக்கெட்டை மூடும் பழக்கம். ஸ்பேமருக்கு இதைவிட நல்ல உதவி கிடையாது. புகார் செய்பவர்களையும் பொறி முகவரிகளையும் மட்டும் கழித்துக் கட்டிவிட்டு, வாய் திறக்காத மற்ற லட்சம் பேருக்கும் நிம்மதியாக அனுப்பிக்கொண்டிருப்பார். புகார் செய்தவருக்குப் பழிவாங்கல் வேறு வரலாம். புகாரை அனுப்பும்போது அவரை அடையாளம் காட்டும் எல்லாவற்றையும் மறைத்துத்தான் அனுப்ப வேண்டும்.

இந்தப் பகுதியின் சாரம்: மெயிலை மட்டும் நிறுத்து, சாட்சியை வைத்துக்கொள், யார் என்று கண்டுபிடி, அவரவருக்கு ஏற்ற பதிலைக் கொடு, புகார் செய்தவரைக் காப்பாற்று.

ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு மேலேயும் ஒருவர் இருக்கிறார்

ஸ்பேமர்கள் நன்றாகக் காசு தருவார்கள். மற்றவர்களைவிட அதிகம் கட்டுகிறேன், புகார் வந்தால் கண்டுகொள்ளாதே என்று ரகசியமாக ஒப்பந்தம் போடுவதும் நடந்திருக்கிறது. அப்படிப்பட்ட நிறுவனத்தையும் துண்டிக்க முடியும். அதற்கு இணைய இணைப்பு கொடுப்பவர்கள் மேலே இருக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் மெக்கோலோ என்று ஒரு ஹோஸ்டிங் நிறுவனம் இருந்தது. உலகெங்கும் பரவியிருந்த வைரஸ் பிடித்த கணினிகளுக்கு ஸ்பேம் அனுப்பச் சொல்லி உத்தரவு போடும் சர்வர்கள் அங்கே இருந்தன. வாஷிங்டன் போஸ்ட் செய்தியாளர் பிரையன் கிரெப்ஸ் சேகரித்த விவரங்களைப் பார்த்த பிறகு, அதற்கு இணைப்பு கொடுத்திருந்த இரண்டு நிறுவனங்கள் 2008 நவம்பர் 11 அன்று இணைப்பை வெட்டின. உலக அளவில் ஸ்பேம் பாதிக்கும் மேல் குறைந்ததாகப் பல கண்காணிப்பாளர்கள் கணக்கிட்டார்கள். ஸ்பேமர்கள் வேறு இடம் தேடிக்கொண்டு சில மாதங்களில் திரும்பினார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் ஒரே ஒரு கட்டடத்தில் இருந்த அலட்சியத்துக்கு எவ்வளவு எடை என்று அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

மேலே இருப்பவர் விசாரிக்காமல் வெட்டினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலிருந்தே உதாரணம் இருக்கிறது. 2018 செப்டம்பரில் ஸோஹோ என்ற மென்பொருள் நிறுவனத்தின் முக்கிய டொமைனை, அதைப் பதிவு செய்து கொடுத்திருந்த நிறுவனம் முடக்கியது. காரணம், ஸோஹோவின் மெயில் சேவையை யாரோ சிலர் பாஸ்வேர்டு பறிக்கும் மோசடிக்குப் பயன்படுத்துவதாக வந்த புகார்கள். மொத்தம் மூன்றே புகார்கள், அதில் இரண்டில் நடவடிக்கை எடுத்தாகிவிட்டது, மூன்றாவது விசாரணையில் இருந்தது என்று ஸோஹோ சொன்னது. ஆனால் அந்த டொமைனை நம்பியிருந்த லட்சக்கணக்கானவர்களுக்கு வேலை நின்றது. ஸோஹோவின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பொதுவெளியில் உதவி கேட்க வேண்டியிருந்தது. மெக்கோலோவுக்குச் செய்தது சரி, இது சரியில்லை. முதலாவதில் மாதக்கணக்கான சாட்சியங்கள் சேர்ந்திருந்தன. இரண்டாவதில், ஸோஹோ சொன்னபடி பார்த்தால், பதில் சொல்லிக்கொண்டிருந்த ஒருவரின் கதவை, பேசாமலே பூட்டினார்கள். ஹோஸ்டிங் நிறுவனம் தன் வாடிக்கையாளரிடம் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று தீர்மானிக்க இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

எல்லாம் அடங்கிய பிறகு

கணக்கைச் சரி செய்தாகிவிட்டது, ஐபி முகவரி இன்னும் பிளாக்லிஸ்ட்டில் இருக்கிறது. நீக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். ஸ்பேம்ஹவுஸின் முக்கியப் பட்டியலில் இருந்து நீக்கக் கேட்க வேண்டியது அந்த முகவரிகளுக்குப் பொறுப்பான நிறுவனம்தான், தள உரிமையாளரை அங்கே அனுப்பி அலையவிடக் கூடாது. காரணத்தைச் சரி செய்யாமல் விண்ணப்பித்தால் திரும்பவும் பட்டியலில் விழும், அடுத்த முறை நம்ப வைப்பது இன்னும் கடினம். ஸ்பேம் அனுப்பியவரைப் புது ஐபி முகவரிக்கு மாற்றி வைப்பதும் சிலர் செய்யும் காரியம். அதை ஸ்பேமரோடு கூட்டு சேர்வதாகத்தான் பட்டியல்காரர்கள் பார்ப்பார்கள்.

அதே சர்வரில் இருந்த மற்றவர்களுக்கும் எழுத வேண்டும். இதைத்தான் நிறுவனங்கள் மறந்துவிடுகின்றன, அல்லது வெட்கப்பட்டு விட்டுவிடுகின்றன. எந்தத் தேதியில், எந்த மணியிலிருந்து எந்த மணி வரை அவர்களுடைய மெயில்கள் திரும்பியிருக்கக்கூடும், எந்தெந்த மெயில் சேவைகள் மறுத்தன என்று சொன்னால் போதும். வாடிக்கையாளருக்குக் கொட்டேஷன் அனுப்பிவிட்டுப் பதில் வராமல் காத்திருக்கும் அச்சகக்காரர், அதைப் பார்த்துவிட்டு இன்றே மறுபடி அனுப்பிக்கொள்வார்.